மூன்று கோடு உயர்ந்தது என்று சொல்லி விற்ற லென்ஸ்

புதிதாகக் கேமரா வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணத்தை நீட்டுவதற்கு முன்னால், லென்ஸின் முன்வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். நாங்கள் மூன்று பேர் போயிருந்தும் இதைச் செய்யவில்லை. அதன் பலன், என் பெரியப்பா மகன் கல்யாணத்தில் இரவு நடந்த இணைச்சீர்ச் சடங்கை என் தங்கை எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும், மேட்டுக்காட்டில் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும் போடுகிறோம். தங்கை கோவையில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். புகைப்படப் பாடத்துக்குக் கேமரா தேவை என்று ஆசிரியர்கள் சொன்னதிலிருந்து மூன்று மாதம் கேட்காமலே இருந்தாள். மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றி ஈரோட்டில் போட்டு வந்த அன்று அப்பாவே, "எவ்வளவு ஆகும் கண்ணு?" என்று கேட்டார். அந்தக் காசில் வாங்கியது இந்தக் கேமரா. ஒன்பது மாதம் மண்ணில் கிடந்து வந்த காசு அது என்பதால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதை வாங்குவது என்பதில் தங்கைக்குக் குழப்பம் இருக்கவில்லை. கேனான் 1500டி. 2018இல் வந்த மாடல், தொடக்க நிலைக்காரர்களுக்கானது. 24.1 மெகாபிக்சல். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம், 14.9 மில்லிமீட்டர் உயரம். கைப்பேசியில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் உண்டு. ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதுதான், நொடிக்கு மூன்று படம்தான். ஓடும் குதிரையைப் படமெடுக்க இது போதாது. ஆனால் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் தானே திருப்பித் திருப்பிக் கற்றுக்கொள்ள இதைவிட அதிகம் தேவையில்லை என்றாள். அவள் சொன்னது சரி. லென்ஸ் நீங்கலான கேமராவில், அதாவது பாடியில், எங்களுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அதோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸ், குவியத்தூரம் 18-55 மில்லிமீட்டர். இந்தச் சென்சாருக்கு 1.6ஆல் பெருக்க வேண்டும் என்பதால், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் ஏறக்குறைய 29 முதல் 88 வரை. ஒரு முனையில் பந்தல் முழுவதும் அடங்கும், மறு முனையில் ஒரு முகம் நிறையும். வெளிச்சம்தான் இதன் பலவீனம். 18இல் வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 3.5 வரை திறக்கும். 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது என்று பொருள். அதாவது முகத்தை நெருக்கிப் பிடிக்கும் இடத்தில்தான் வெளிச்சம் பாதிக்கும் கீழே போகிறது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். அதற்குள் கை அசைந்துவிடும். இந்த அசைவைச் சரிக்கட்டுவதற்காக லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொகுதி நகர்ந்துகொடுக்கும். அந்த வசதிக்குத்தான் ஐ.எஸ். என்று பெயர். பெட்டியின் மேல் 18-55க்குப் பக்கத்தில் ஐ.எஸ். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும், அதை அடுத்து ரோமன் எண்ணில் இரண்டு கோடுகளும் அச்சிட்டிருந்தன. தங்கை கேட்டதும் அதைத்தான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய்க் கோவையில் அந்தக் கடையில் இறங்கினோம். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியின் ஒட்டு ஏற்கெனவே வெட்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, ஒவ்வொன்றையும் சரிபார்த்துத்தான் வாடிக்கையாளருக்குத் தருகிறோம் என்றார் விற்பனையாளர். அப்பாவுக்கு அது நல்ல பழக்கமாகத் தெரிந்தது. பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தபோது லென்ஸ் பாடியில் மாட்டியே இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டியில் பாடி தனியாக, லென்ஸ் தனியாக, இரண்டும் தனித்தனி உறைகளில் மூடிகளோடு இருக்கும். இது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று, மாட்டித் தயாராகக் கொடுக்கிறார்களே என்று மகிழ்ந்தோம். அடுத்த நொடியே லென்ஸின் முன்னால் 58 மில்லிமீட்டர் ஃபில்டர் கண்ணாடி ஒன்றைத் திருகி, அதன்மேல் மூடியைப் போட்டுப் பைக்குள் வைக்கப் போனார். ஒரு படமாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். கடைப் பையன் ஒருவர் தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்ற அப்பாவை ஒரு படம் எடுத்தார். அந்த ஒரு படம்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

கேமரா, பை, மெமரி கார்டு, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 41,200 ரூபாய். என் கைப்பேசியிலிருந்து யு.பி.ஐ. மூலம் செலுத்தினேன். பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் 'கேமரா செட் 1' என்று மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரில் கோளாறு, ஜி.எஸ்.டி. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். மஞ்சள் மூட்டைக்கு எடைச்சீட்டு இல்லாமல் மண்டியை விட்டு நகராத அப்பா, இங்கே ஒன்றும் கேட்கவில்லை. படித்தவர்கள் கடை, குளிர்சாதன அறை, மரியாதையான பேச்சு. நம்பிவிட்டார்.

வைகாசியில் அண்ணன் கல்யாணம். ஸ்டூடியோக்காரரை முகூர்த்தத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவு இணைச்சீரைத் தங்கையே எடுப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்குச் சற்றும் குறையாதது இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை முன்னிறுத்திச் செய்கிற சீர். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் நடத்த, மாப்பிள்ளையின் அக்கா உட்கார்ந்திருந்ததும், அண்ணன் கண் கலங்கியதும், அம்மாயி (அம்மாவின் அம்மா) வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. படத்தில் நிற்கவில்லை. 55இல், எஃப் 5.6இல், ஐ.எஸ்.ஓ. 3200இல், நொடியில் 20இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தவை. ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு விளிம்பு.

ஐ.எஸ். இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கிறவரின் கை அசைவைத்தான் அது தாங்கும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்யாது. ஆனால் அம்மாயி அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. 55க்கு 1.6ஆல் பெருக்கினால் 88. கையில் பிடித்து எடுக்க நொடியில் 90இல் ஒரு பங்காவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பெட்டியில் எழுதியிருந்த லென்ஸ் 4 ஸ்டாப் வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் வேகத்தை ஒருமுறை பாதியாக்கலாம். அதில் பாதி கிடைத்திருந்தாலே நொடியில் 20இல் ஒரு பங்கில் எடுத்த அந்தப் படங்கள் நின்றிருக்கும்.

"என் கை நடுங்குகிறது அண்ணா" என்றாள் தங்கை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை அடக்கி, சுவரில் சாய்ந்து நின்றெல்லாம் பழகினாள். அப்படியும் இரவுப் படம் கலங்கியே வந்தது. பிறகு மூன்று வாரம் கேமராவைத் தொடவில்லை. காசு போனதுகூட இரண்டாவதுதான். கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்ணைத் தன் கையையே சந்தேகப்பட வைத்தார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனியில் கல்லூரி திறந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. வகுப்புத் தோழி ஒருத்தியும் அதே கேமரா வைத்திருக்கிறாள். அவள் லென்ஸின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று தானியங்கி ஃபோகஸுக்கு, இன்னொன்று ஸ்டெபிலைசருக்கு, அதாவது ஐ.எஸ்.ஸுக்கு. தங்கையின் லென்ஸில் ஒன்றுதான் இருந்தது. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது 18-55, 3.5-5.6 என்ற எண்களுக்குப் பிறகு ஐ.எஸ். இல்லை. வெறும் மூன்று கோடுகள்.

மறுநாளே கடைக்குப் போனோம். உரிமையாளர் சிரித்த முகமாகவே பேசினார். "பெட்டியில் இருப்பது இரண்டாம் பதிப்பு தம்பி. உங்களுக்குக் கொடுத்திருப்பது மூன்றாம் பதிப்பு. இதுதான் புதியது, உயர்ந்தது" என்றார். ஒரு நிமிடம் நானே நம்பினேன். மூன்று இரண்டைவிடப் பெரியதுதானே! ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. இவை இரண்டு தனித்தனி வரிசைகள். ஐ.எஸ். உள்ள வரிசையில் இரண்டாவது ஒன்று, ஐ.எஸ். இல்லாத மலிவு வரிசையில் மூன்றாவது மற்றொன்று. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 58. எடையில் 5 கிராம்தான் வித்தியாசம், 200க்கு 195. கையில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. நல்ல லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக, நிறுவனப் பெட்டி இல்லாமல் வெள்ளைப் பெட்டியில் போட்டு விற்கிற வியாபாரம் ஒன்று சந்தையில் இருக்கிறது. எங்களுடைய லென்ஸும் அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை இதையெல்லாம் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. வீட்டில் நீங்களே மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம், எஸ்டிமேட்டில் லென்ஸ் பெயர் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றார். அந்த ஒரு வரிச் சீட்டு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே பில்லில் பாடியின் வரிசை எண்ணும் லென்ஸின் முழுப்பெயரும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

பதில் எங்கள் கையிலேயே இருந்தது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, நேரம், ஷட்டர் வேகம் ஆகியவற்றோடு லென்ஸின் பெயரும் பதிவாகிறது. கடைக்குள் எடுத்த அப்பாவின் படத்தைக் கணினியில் திறந்து விவரங்களைப் பார்த்தோம். லென்ஸ் பெயர்: அதே மூன்று கோடு. நேரம்: யு.பி.ஐ. பணம் போய்ச் சேர்ந்ததற்கு ஆறு நிமிடம் முன்னால். படத்தில் அப்பாவுக்குப் பின்னால் கடையின் கண்ணாடி அலமாரி. அப்பாவின் கையிலிருக்கும் பெட்டியில் ஐ.எஸ். என்ற எழுத்து பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வாங்கியதற்கு பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிகமாக அந்தச் சட்டம் சொல்கிறது. கால வரம்பு இரண்டு ஆண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதி, படத்தின் விவரங்களை அச்செடுத்து, மடிக்கணினியோடு மூன்றாம் முறை போனேன். இந்த முறை அப்பாவும் வந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சுத் தாளை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

உரிமையாளர் உள்ளே போய் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வாங்கியதும் அங்கேயே மாட்டிச் சோதித்தோம். ஸ்டெபிலைசர் பொத்தானைப் போட்டு, 55க்கு இழுத்து, ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் பார்த்தால், ஆடிக்கொண்டிருக்கும் காட்சி ஒரு நொடியில் அடங்கி நிற்கும். இந்தச் சோதனைக்கு வெளிச்சமோ அனுபவமோ வேண்டாம். யாரும் கடையிலேயே செய்து பார்க்கலாம். பில்லுக்கு இன்னும் 12 நாள் இழுத்தார்கள். அது வந்து சேரும்வரை புகாரை நான் முடித்துக்கொள்ளவில்லை.

நிக்கான் வாங்குகிறவர்களும் கவனமாக இருங்கள். டி3500 கேமராவுக்கு வந்த ஏ.எஃப்-பி 18-55 லென்ஸிலும் இரண்டு வகை உண்டு, ஒன்றில் வி.ஆர். (ஐ.எஸ்.ஸுக்கு நிக்கான் வைத்த பெயர்) என்ற எழுத்து இருக்கும், மற்றதில் இருக்காது. அந்த லென்ஸில் பக்கவாட்டுப் பொத்தானே கிடையாது என்பதால், எழுத்தைப் படிப்பது ஒன்றுதான் வழி.

லென்ஸ் மாறிய வாரம் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தோம். இருட்டிய பிறகு திண்ணையில், ஒற்றை பல்பு வெளிச்சத்தில், அம்மாயி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை 55இல் வைத்து, அதே எஃப் 5.6இல், அதே நொடியில் 20இல் ஒரு பங்கில் பத்துப் படம் எடுத்தாள். எட்டுப் படத்தில் அம்மாயியின் கன்னத்துச் சுருக்கங்களை எண்ண முடிகிறது. மீதி இரண்டில் அம்மாயி சிரித்துத் தலையை அசைத்துவிட்டாள்.