நூலகம் இணையத்தளம்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்?

ரியூசன் ஸூமுக்கும் வினாத்தாள் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. முன்பு வகுப்பில் நடந்ததுதான் இப்போது போனில் நடக்கிறது. முன்பு கிடைக்க வழியே இல்லாத ஒன்றை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்த தொழில்நுட்பம் எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது நூலகம் டொட் ஓர்க் தளத்தைத்தான். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், மலர்கள், பிரசுரங்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து இலவசமாகத் தருகிறது. கணக்குத் திறக்கத் தேவையில்லை. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. ஒரு நூலின் பிரதி ஒரேயொரு அலுமாரியில் மட்டும் இருக்கக்கூடாது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு உதவும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் தமிழ், வரலாறு, இந்து நாகரிகம், நாடகமும் அரங்கியலும் படிப்பவர்களுக்கும், கம்பஸில் ஒப்படையும் ஆய்வும் எழுதுபவர்களுக்கும் இது பெருஞ்செல்வம். பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பவர்களுக்குப் பெரிதாக உதவாது. அங்கே இருக்கும் விஞ்ஞானப் பாடநூல்களில் பல பழைய பாடத்திட்டத்துக்கு உரியவை. நடைமுறையிலுள்ள பாடநூல் வேண்டுமானால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்துக்குப் போங்கள். தரவாரியாக, தமிழிலேயே பிடிஎஃப் கிடைக்கும்.

தளத்தின் உண்மையான பலம் பிடிஎஃப் கோப்புகளைவிட விபரப் பக்கங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்க எண்ணிக்கை. அதன் கீழே பல இடங்களில் உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சாக இருக்கும். 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இலக்கியச் சஞ்சிகையின் ஓர் இதழில் யார் என்ன எழுதினார் என்பதைக் கோப்பைத் திறக்காமலே பார்த்துவிடலாம். டேட்டா கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ‘வாசிக்க’ என்ற இணைப்புக்குப் பக்கத்தில் கோப்பின் அளவு எம்.பி.யில் போட்டிருக்கும், அதைப் பார்த்த பிறகே அழுத்துங்கள். ஸூமுக்கென்று எடுத்த டேட்டா பொதி இதற்குச் செல்லாது, முதன்மை டேட்டாவிலிருந்துதான் கழியும். பெரிய கோப்புகளின் நூலக எண்களைக் குறித்து வைத்து, வைஃபை உள்ள இடத்தில் ஒரேயடியாகத் தரவிறக்குவது நல்லது.

தேடலில்தான் பலரும் களைத்துப்போகிறார்கள். தளம் இயங்குவது விக்கிப்பீடியாவுக்குரிய அதே மீடியாவிக்கி மென்பொருளில். அது முழுச்சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கும். தமிழில் வேற்றுமை உருபு ஏறினால் சொல்லே மாறிவிடுகிறது: ‘கோயில்’ என்று தேடினால் ‘கோயிலின்’ வராது, ‘கோவில்’ என்று அச்சிட்டதும் வராது. ஆகவே ஒரே சொல்லை மூன்று நான்கு வடிவங்களில் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயரை முதலெழுத்து இல்லாமல் தேடுங்கள். அதற்கும் அகப்படவில்லையென்றால் கூகிளில் தேடுசொல்லோடு ‘நூலகம்’ என்று சேர்த்துத் தேடினால் பல வேளைகளில் நேரே அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும்.

பல பக்கங்களில் ‘எழுத்துணரியாக்கம்’ என்றொரு இணைப்பும் உண்டு. ஸ்கான் செய்த படத்திலிருந்து கணினி பிரித்தெடுத்த எழுத்து அது. பிடிஎஃப் வெறும் படமாக இருக்கும்போது அதற்குள் சொல் தேட முடியாது. எழுத்துணரியாக்கப் பக்கத்தைத் திறந்து, உலாவியின் ‘பக்கத்தில் தேடு’ வசதியைப் பயன்படுத்தினால் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பிடித்துவிடலாம். ஆனால் அந்த எழுத்தை அப்படியே வெட்டி ஒப்படையில் ஒட்டாதீர்கள். துணைக்காலை ‘ர’ என்றும், ‘ன’வை ‘ண’ என்றும் கணினி மாற்றி வாசிக்கும். பழைய அச்சில் வரும் கொம்பு வைத்த லை, ணை, சுழித்த றா, னா போன்றவற்றில் இன்னும் தடுமாறும். இரண்டு பத்தியாக அச்சான பத்திரிகையில் வரிகள் குறுக்கே கலந்துவிடுவதும் உண்டு. இடத்தைக் கண்டுபிடிக்க எழுத்துணரியாக்கம், மேற்கோள் எடுக்கப் படப்பிரதி. இந்தப் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு கவனம், பக்க எண். பிடிஎஃப் காட்டும் எண்ணில் அட்டையும் முன்னுரைப் பக்கங்களும் சேர்ந்திருக்கும். அடிக்குறிப்பில் போடவேண்டியது நூலில் அச்சிட்ட எண்தான். சில நூல்களுக்கு விபரம் மட்டும் இருந்து, வாசிக்கப் பிரதி இல்லாமலும் இருக்கும். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிற்கிறது, உரியவர்களின் அனுமதி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படை கேட்கும் காலத்தில் இந்தத் தளத்தின் தேவை கூடியிருக்கிறது. எங்கள் ஊர் வரலாற்றைக் கேட்டால் அந்தச் செயலிகள் இல்லாத நூலையும் இருப்பதுபோல் ஆண்டோடு சொல்லிவிடும். சொன்ன நூலின் பெயரை நூலகம் தளத்தில் போட்டுப் பாருங்கள். இருந்தால் ஆண்டும் பதிப்பகமும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால் உடனே பொய் என்று முடிவெடுக்காமல், பல்கலைக்கழக நூலகத்திலோ பொது நூலகத்திலோ விசாரியுங்கள்.

படிப்புக்கு வெளியிலும் இது புழங்குகிறது. அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும், ‘கல்வெட்டு’ என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகங்களும் நினைவு மலர்களும் இங்கே ஒரு பகுதியாகவே சேர்ந்துள்ளன. அவற்றில் வம்சாவளியும் ஊர்ப்பெயர்களும் இருப்பதால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தங்கள் உறவைத் தேட இவை உதவும். கோயில் கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை மலர்களும் அப்படித்தான்.

வீட்டில் பழைய இதழோ மலரோ இருந்தால் கரையானுக்குக் கொடுக்காமல் நூலகம் தளத்தை நடத்துபவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். விபரம் தளத்திலேயே உண்டு. கொடுக்கும்வரை செலோரேப் ஒட்டவோ லமினேற் பண்ணவோ வேண்டாம், பசை காகிதத்தைப் பழுப்பாக்கும். துருப்பிடித்த ஊசிகளைக் கவனமாகக் கழற்றுங்கள். ஓரம் வெட்டாதீர்கள். அட்டையும், அச்சக விபரம் உள்ள பக்கமும் கிழிந்திருந்தாலும் அவற்றைச் சேர்த்தே வையுங்கள். ஆண்டும் பதிப்பகமும் அங்கேதான் இருக்கும்.