பலாலி மாலை வெளிச்சத்துக்கு ரீஷேட் போதுமா?

கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசொஃப்ட் பிளைற் சிமுலேற்றர் 2020இன் வெளிச்சத்தை இயல்பாக்க மொட் (மற்றவர்கள் செய்து பகிரும் மாற்றக் கோப்பு) தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது ரீஷேட்டிடம்தான். இலவசம், திறந்த மூலம். சிமுலேற்றர் வரைந்து முடித்த படத்தைத் திரைக்குப் போகும் முன் வாங்கி, அதன் நிறத்தையும் ஒளியளவையும் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சூரியனையோ முகிலையோ அது தொடுவதில்லை. மூன்று வடிகட்டிகளோடு நிறுத்திக்கொண்டால் இது அருமையான கருவி. ஆனால் சிமுலேற்றரின் சொந்த செற்றிங்கையும் மொனிற்றரையும் சரிசெய்யாமல் இதைப் போடுவது வீண்வேலை.

பரிசோதனைக் களம் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம், ஓடுபாதை 23, டிசம்பர் கடைசி, மாலை 5.30, விமானம் ஏ.ரி.ஆர். 72-600. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன், நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே விலகி மறைகிறது. கடல் பக்கமிருந்து தென்மேற்கு நோக்கி இறங்குபவருக்கு அது அடிவானத்திலிருந்து ஐந்து பாகை உயரத்தில், முகத்துக்கு எதிரே சற்று வலப்புறமாக நிற்கும். கீழே மின்னும் கடல், எதிரே கண்ணைக் கூசும் வானம், இருண்ட கொக்பிற், அதற்குள் ஒளிரும் திரைகள். வெளிச்சத்தில் உள்ள பிழைகள் எல்லாம் இந்த ஒரு காட்சியிலேயே வெளிப்பட்டுவிடும். நேரலை வானிலையை நிறுத்தி, முன்னமைத்த வானிலை ஒன்றையும் நேரத்தையும் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் முகில் நகர்ந்ததால் வந்த மாற்றத்தை வடிகட்டியின் மாற்றம் என்று எண்ணிவிடுவீர்கள்.

முதலில் சரிசெய்ய வேண்டியது சிமுலேற்றரின் உள்ளேதான். செற்றிங்குகள் எழுதப்பட்டிருக்கும் யூசர்-சிஎஃப்ஜி என்ற கோப்பு, ஸ்ரீம் பதிப்பில் ஆப்டேற்றா, ரோமிங் வழியாகப் போனால் சிமுலேற்றரின் பெயருள்ள கோப்புறையில் இருக்கும். மைக்ரோசொஃப்ட் ஸ்ரோர் பதிப்பில் ஆப்டேற்றா, லோக்கல், பக்கேஜஸ் என்று போய், சிமுலேற்றரின் கோப்புறைக்குள் லோக்கல்-காஷ் என்பதைத் திறக்க வேண்டும். சிமுலேற்றரை மூடிவிட்டு, கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்த பிறகே கை வையுங்கள். போஸ்ற்-புறோசஸ் பகுதியில் ஃபில்ம் கிரெய்ன், விக்னெற், ஷார்ப்பன் மூன்றையும் 0 ஆக்குங்கள். முதலாவது படத்தில் புள்ளிப் புள்ளியாகத் துகள் சேர்க்கிறது. இரண்டாவது மூலைகளை இருட்டாக்குகிறது. மூன்றாவது ஓடுபாதை ஓரங்களிலும் பனையோலைகளிலும் வெள்ளைக் கோடு இழுக்கிறது. ரீஷேட்டில் கூர்மை சேர்க்கப் போகிறவர் இதை விட்டு வைத்தால் கூர்மை இரு மடங்காகி, பறக்கும்போது மரங்கள் எல்லாம் மினுங்கத் தொடங்கும்.

அதே பகுதியில் உள்ள ஐ அடப்டேஷன் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று. யன்னலுக்கு வெளியே பார்த்தால் படம் இருண்டு, பனலைப் பார்த்தால் வெளுப்பதற்கு இதுதான் காரணம். கண்ணும் இப்படி இசைந்துகொள்கிறது, உண்மைதான். ஆனால் மனிதக் கண் வெயிலையும் பனலையும் ஒரே பார்வையில் தாங்கும். திரையில் வரும் ஏற்ற இறக்கம் அதைவிட முரட்டுத்தனமானது. 0 ஆக்கினால் அந்த ஊசலாட்டம் நின்றுவிடும், ஆனால் நண்பகலில் பனல் இருட்டாகத் தெரியலாம். தலை அசைவைப் பின்தொடரும் கருவி வைத்திருப்பவர்களுக்கு நிறுத்துவது நல்லது. மற்றவர்கள் 1இலேயே விட்டுவிடலாம்.

ரீஷேட்டை நிறுவுவது சுலபம். நிறுவியைத் திறந்து சிமுலேற்றரின் இயக்கக் கோப்பைக் காட்டி, டைரக்ற்-எக்ஸ் 10/11/12 என்பதைத் தெரிவு செய்து, கீழே சொல்லும் மூன்று வடிகட்டிகள் உள்ள தொகுதிகளை மட்டும் இறக்குங்கள். எல்லாத் தொகுதிகளையும் டிக் பண்ணினால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நூற்றுக்கணக்கான வடிகட்டிகள் தொகுக்கப்படும் வரை காத்திருக்க நேரும். சிமுலேற்றருக்குள் ஹோம் விசையை அழுத்தினால் அதன் பலகை திறக்கும். அந்த விசைக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்திருந்தால் ரீஷேட்டின் விசையை மாற்றிவிடுங்கள்.

இனி அந்த மூன்று வடிகட்டிகள். முதலாவது, படத்தின் ஒளியளவையும் நிறத்தையும் சரிசெய்யும் லிஃப்ட் காமா கெயின். லிஃப்டை 1.000இல் அப்படியே விடுங்கள். காமாவை 0.96 அளவுக்குக் குறைத்தால் நண்பகலின் வெளுத்த நடுத்தொனி இறங்கி, மண்ணுக்கும் பனைக்கும் ஒரு கனம் வருகிறது. கெயினில் நீலத்தை மட்டும் 0.98 ஆக்கினால் படத்தில் தெரியும் அளவுமீறிய நீலம் தணியும். அதற்குக் கீழே போனால் முகில் மஞ்சளாகிவிடும். இரண்டாவது, படத்தைக் கூர்மையாக்கும் சி.ஏ.எஸ். அதன் கூர்மை 0.3இலிருந்து 0.4 வரை போதும். படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ். பயன்படுத்துபவர்கள் இதற்கு மேல் ஏற்றினால் ஏ.ரி.ஆரின் திரைகளில் எண்களைச் சுற்றி நிழல் தெரியும். மூன்றாவது டீபான்ட். அந்தி வானத்தின் மெல்லிய நிற மாற்றத்தை 8 பிற் திரை படிப்படியான பட்டைகளாகக் காட்டும். டீபான்ட் அந்தப் படிகளில் நுண்ணிய புள்ளிகளைக் கலந்து கண்ணுக்கு மறைக்கிறது. மாலைப் பறப்பை விரும்புபவர்களுக்கு மூன்றிலும் முக்கியமானது இதுதான். எல்லாம் சரிவந்ததும் பலகையில் உள்ள பெர்போமன்ஸ் மோடைப் போட்டுவிடுங்கள். இந்த மூன்றால் பிரேம் வேகம் பெரிதாகக் குறையாது.

நிறங்களை அடர்த்தியாக்கும் வைப்ரன்ஸைப் பலரும் ஏற்றுவார்கள். யாழ்ப்பாணத்தில் அது பொருந்தாது. குடாநாட்டின் செம்மண் தோட்டங்கள் செயற்கைக்கோள் படத்திலேயே போதிய சிவப்போடு இருக்கின்றன. வைப்ரன்ஸ் ஏறினால் சுன்னாகத் தோட்டவெளி செங்கல் நிறமாகும், கடல்நீரேரி நீச்சல் குளத்து நீலமாகும். கடற்காற்றின் ஈரப்பதத்தால் இங்கே தூரக் காட்சி எப்போதும் சற்று வெளுத்தே நிற்கும். அந்த மங்கலை வெட்டி எறிகிற கிளாரிற்றி, டீஹேஸ் போன்ற வடிகட்டிகள் படம் பிடித்துப் போட அழகு. பறக்கும்போது பத்துக் கிலோமீற்றர் தூரம் மூன்று கிலோமீற்றராகத் தோன்றி, உயரத்தை மதிப்பிடுவதைக் கெடுத்துவிடும்.

மற்றவர்கள் செய்து பகிரும் ‘பொன் மாலை’ அமைப்புகளும் இதே காரணத்தால் இங்கே ஒட்டுவதில்லை. ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக மெல்ல இறங்கும், பொன்னிறம் நீண்ட நேரம் தங்கும். நாம் வட அகலாங்கு 9.8 பாகையில் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. மறைந்த பிறகு குடிசார் அந்தி 22 நிமிடம் அளவில் முடிந்துவிடும். சிமுலேற்றர் இந்த வேகத்தைச் சரியாகவே கணக்கிடுகிறது. அதன் மேல் நிரந்தரமான செம்மஞ்சள் பூச்சுப் பூசினால் சரியாக இருந்த ஒன்றையும் கெடுத்ததாகிவிடும்.

இரவில் இன்னும் கவனம் தேவை. வீதி விளக்கு நிறத்தை மாற்றும் மொட்களை, சிமுலேற்றரில் மொட்களுக்கென்று இருக்கும் கொமியூனிற்றி கோப்புறையில் போட்டாலே போதும், ரீஷேட் தேவையில்லை. சோடியம் விளக்கு 2,000 கெல்வின் அளவில் செம்மஞ்சளாக எரியும். எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் 4,000 கெல்வினும் அதற்கு மேலும், வெள்ளையாக. ஊர் முழுவதும் ஒரே நிறத்தில் எரிய வைக்கும் மொட்டைத் தவிருங்கள், இரண்டையும் கலந்து தருவதைத் தேடுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு விளக்கு மொட்கள் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதை மேவும். எது வேலை செய்கிறது என்றே தெரியாமல் போகும்.

எந்த மாற்றத்துக்குப் பிறகும் இரவில் ஓடுபாதை விளக்குகளைச் சரிபாருங்கள். ஓர விளக்கு வெள்ளை, தொடக்கம் பச்சை, முடிவு சிவப்பு, ரக்ஸி பாதை ஓரம் நீலம். நீலத்தைக் கூடக் குறைத்தால் ரக்ஸி விளக்குகள் மங்கிப்போகும். சரியான சரிவில் இறங்குகிறோமா என்று காட்டும் நான்கு விளக்குகளான பாபி இன்னும் கண்டிப்பானது. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் வழமையான 3 பாகைச் சரிவில் இருக்கிறீர்கள். வெளிச்சத்துக்குச் சூடான நிறம் கொடுத்த அமைப்பில், தூரத்து வெள்ளை இளஞ்சிவப்பாகத் தெரிந்து, தாழ்வாக வருகிறோம் என்று தேவையில்லாமல் வலுக்கூட்ட வைக்கும். பயிற்சிக்காகப் பறப்பவருக்கு எந்த அழகும் இதற்கு ஈடில்லை.

ரீஷேட்டால் முடியாதவையும் உண்டு. வெள்ளையாக எரிந்துபோன முகிலின் உட்புற விவரத்தை அதனால் மீட்க முடியாது, ஏனென்றால் அந்தத் தகவல் அதன் கைக்கு வருவதே இல்லை. எம்.எக்ஸ்.ஏ.ஓ. போன்ற நிழல் வடிகட்டிகளுக்கு ஆழத் தகவல், அதாவது எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் என்ற தகவல், வேண்டும். இணையப் போக்குவரத்து நடக்கும் விளையாட்டுகளில் ரீஷேட்டின் சாதாரண பதிப்பு ஆழத் தகவலைத் தடுத்துவிடுகிறது. இந்தச் சிமுலேற்றரோ நிலக்காட்சியை இணையத்திலிருந்து இறக்கியபடியே ஓடுவது. ஆகவே அந்த வடிகட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், சிமுலேற்றரின் சொந்த நிழல் செற்றிங்குகளான அம்பியன்ற் ஒக்ளூஷனையும் கொன்ராக்ற் ஷாடோவையும் உயர்த்துங்கள். வழமையைவிடப் பிரகாசமான ஒளியையும் காட்டும் எச்.டி.ஆர். மொனிற்றரில் சாதாரண வடிகட்டிகள் உச்ச ஒளியை வெட்டிவிடும். அங்கே ரீஷேட் இல்லாமல் இருப்பதே மேல்.

வடிகட்டியை எங்கே இருந்து சரிசெய்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெள்ளைச் சுவரும் திறந்த யன்னலுமான அறையில் நண்பகலில் காமாவைப் பிடித்தால் இரவில் படம் வெளுத்துக் கிடக்கும். திரைச்சீலையை இழுத்து, ரியூப் லைற் மொனிற்றரில் பிரதிபலிக்காமல் பார்த்து, விண்டோஸின் நைற் லைற்றை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். மொனிற்றரின் காமா 2.2இல் இருக்கட்டும். ‘கேம்’, ‘விவிட்’ என்று அதற்குள்ளேயே இருக்கும் நிற அமைப்புகள் எல்லாம் அணைக்கப்பட வேண்டும்.

அப்டேற்றுக்குப் பிறகு சிமுலேற்றர் திறக்காமல் விழுந்தால், இயக்கக் கோப்பின் பக்கத்தில் இருக்கும் டிஎக்ஸ்ஜிஐ என்ற டி.எல்.எல். கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். திறந்தால் சிக்கல் ரீஷேட்டில்தான், புதிய பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொரு சிமுலேற்றரான எக்ஸ்-பிளேன் 12 வைத்திருப்பவர்கள் நிறுவியில் டைரக்ற்-எக்ஸுக்குப் பதிலாக வல்கனைத் தெரிவு செய்ய வேண்டும், அங்கே இந்த டி.எல்.எல். வேலை செய்யாது. காசுக்கு விற்கும் ரீஷேட் அமைப்புகளை வாங்க வேண்டாம். அவை மேலே சொன்ன எண்களைப் போன்ற எண்கள் எழுதிய சிறிய எழுத்துக் கோப்புகள், உங்கள் மொனிற்றரையும் அறையையும் அறியாதவர் எழுதியவை.