ஓரத்தை வெட்டாத பிரேம் கடை

பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போட வேண்டும் என்று யார் கேட்டாலும், கும்பகோணத்தில் பொற்றாமரைக் குளத்துப் பக்கம் சந்துக்குள் இருக்கும் பிரேம் கடையைத்தான் சொல்கிறேன். பெரியவர் ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். வாசலில் வழக்கம்போல முருகன், வெங்கடாசலபதி, கல்யாண போட்டோ எல்லாம் தொங்கும். பார்த்தால் மற்ற கடைகளைப் போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கடையில் படத்தின் ஓரத்தை வெட்ட மாட்டார்கள்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். அச்சடித்த சாமிப் படங்களின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எந்த அச்சகம், எந்த ஊர், சில சமயம் வரைந்தவர் பெயர், படத்தின் பெயர். அந்த ஒரு விரல்கடை வெள்ளைக் காகிதம்தான் படத்தின் பிறப்புச் சான்றிதழ். பெரும்பாலான கடைகளில் கையில் இருக்கும் சட்டத்தின் அளவுக்குப் படத்தை வெட்டிவிடுகிறார்கள். முதலில் போவது அந்த வரிதான். எங்கள் வீட்டு மீனாட்சி கல்யாணப் படத்தை முன்பு வேறொரு ஊரில் கண்ணாடி மாற்றக் கொடுத்தோம். ஓவியரின் கையெழுத்து இருந்த மூலையையே நறுக்கிவிட்டுப் பளபளவென்று புதுச் சட்டத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, "சாமி முழுசா இருக்குல்ல?" என்றார்கள். சாமி முழுதாக இருந்தது. அந்தச் சாமியை வரைந்தவர் காணாமல் போயிருந்தார். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

வலங்கைமானில் எங்கள் பூர்வீக வீட்டை ஒழித்தபோது படங்கள் என் பங்குக்கு வந்தன. பித்தளையும் பரணிப் பாத்திரமும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், எனக்குப் படங்கள் போதும் என்று நானே கேட்டு வாங்கினேன். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறி, பின்பலகை உளுத்து, ராமபாணப் பூச்சி அரித்து, ஒவ்வொன்றும் ஒரு நிலையில் இருந்தது. எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி இந்தக் கடைக்குக் கொண்டுபோனேன்.

முதலில் பிரித்தது ரவி வர்மாவின் லட்சுமி. தாமரை மேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலை ஏந்திய யானை. தமிழ்நாட்டில் இந்தப் படத்தைப் பார்க்காத கண்ணே இருக்காது. பெரியவர் படத்தை மேசையில் கவிழ்த்துப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சுத்தியல் பக்கமே போகவில்லை. பலகைகளை எடுத்ததும் காகிதத்தின் முதுகில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. இரண்டு பலகைகள் சேரும் இடுக்கு எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் ஒரு கோடு. "மரமும் காத்தும் சேர்ந்து பண்ற வேலை டீச்சர். முன்பக்கம் வர்றதுக்குள்ள கொண்டாந்துட்டீங்க" என்றார். பிறகு படத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துக் கீழ் ஓரத்தைப் படித்தார். ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவாலா. அதைப் படித்த பிறகுதான் அளவெடுக்கும் டேப்பையே கையில் எடுத்தார்.

அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு ஒரு கும்பகோணத்துக்காரர் ஞாபகம் வந்தார். சர் டி. மாதவ ராவ், 1828-இல் இதே ஊரில் பிறந்தவர். திருவிதாங்கூரில் திவானாக இருந்தார், அப்புறம் பரோடாவில். கிளிமானூரிலிருந்து பதினான்கு வயதுப் பையனாக ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த 1862-இல் அங்கே திவான் இவர்தான். எண்ணெய் வண்ணம் கையாளும் வித்தையை அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்ததும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவியதும் பலரும் சொல்லும் கதை. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிறகு, அரசர்கள் எல்லோரும் ரவி வர்மாவைத் தேட ஆரம்பித்தார்கள். படம் கேட்டு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கையால் வரைந்து மாளாது, தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுக்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர் மாதவ ராவ். ரவி வர்மா அதோடு நிற்கவில்லை. 1894-இல் தம்பி ராஜ ராஜ வர்மாவோடு சேர்ந்து பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். இயந்திரமும் ஜெர்மனி, இயக்கியவர்களும் ஜெர்மானியர்கள். கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறை அது. ஒரு படத்தில் எத்தனை வண்ணமோ அத்தனை கல், ஒவ்வொரு கல்லும் முந்தைய வண்ணத்தின் மேல் பிசகாமல் உட்கார வேண்டும். பின்னால் அச்சகம் லோனாவாலாப் பக்கம் போனது. அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த லட்சுமி, வலங்கைமானில் எங்கள் கொள்ளுப்பாட்டி பூஜை அறைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தாள். ஓரத்தில் இருக்கும் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இது வெறும் சாமிப் படம்.

இன்னொரு ரவி வர்மா படம், சரஸ்வதி. அதில் எங்கள் அத்தை ஜிகினா ஒட்டியிருக்கிறார். புடவைக் கரைக்குச் சரிகை, நகைகளுக்குச் சமிக்கி, வீணையின் குடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கண்ணாடி மணி. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இந்த வேலை செய்வார்கள். பழைய கண்ணாடி அழுத்தியதில் சில சமிக்கிகள் காகிதத்துக்குள் புதைந்திருந்தன. மகன் அதைப் பார்த்ததும், "இதெல்லாம் எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும்" என்றார். பெரியவர் உடனே தடுத்துவிட்டார். ரவி வர்மா அச்சு இன்னும் எங்காவது கிடைக்கும், இந்தச் சரிகை எங்கே கிடைக்கும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மெல்லிய மரக்கட்டை ஒட்டி இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். இப்போது சமிக்கி எதுவும் கண்ணாடியைத் தொடவில்லை.

ஓரம் போன மீனாட்சி கல்யாணத்தையும் காட்டினேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொண்டையராஜு கை" என்றார். எனக்கும் அது தெரியும். ஆனால் கையெழுத்து இல்லாமல் அடையாளம் சொல்கிற ஒரு கடைக்காரரை நான் எதிர்பார்க்கவில்லை. சி. கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடைசியில் கோவில்பட்டியில் தங்கினார். பக்கத்திலேயே சிவகாசி. அங்கே அச்சான காலண்டர்களில் அவரும் அவர் சீடர் சுப்பையா முதலானவர்களும் வரைந்த தெய்வங்கள் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். அவர் படங்களில் பின்னால் தெரியும் மாடம், தூண், தோரணம், மேகம் எல்லாம் நாடக மேடையின் படுதாவிலிருந்து வந்தவை. மீனாட்சி கையைப் பிடித்துக் கொடுக்கும் அந்தக் காட்சியைப் பாருங்கள். எல்லோரும் நம்மைப் பார்த்த மாதிரி வரிசையில் நிற்பார்கள், மேடையில் நடிகர்கள் நிற்பது போலவே. 1976-இல் இறந்த அந்த மனிதரின் பெயரைத்தான் ஒருவர் கத்தரிக்கோலால் எடுத்துப் போட்டார். பெரியவர் படத்தின் பின்பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஓவியர் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நான் கேட்காமலே செய்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கீத மும்மூர்த்திகள் படம், எஸ். ராஜம் வரைந்தது. தியாகராஜர் என்றதும் நம் மனதில் வரும் முகம், தீட்சிதர் என்றதும் வரும் முகம், இவற்றுக்குப் பெரிய அளவில் ராஜம்தான் காரணம். அவரே நல்ல பாடகர், வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். மூவரும் பிறந்த திருவாரூரிலும் திருவையாற்று ஆராதனைப் பந்தலிலும் அந்தப் படத்தைப் பார்க்கிறோம், வரைந்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் படத்துக்கு மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டது நல்ல தேர்வு.

அப்புறம் ஆனந்த விகடனிலிருந்து அப்பா எடுத்து வைத்த 'தில்லானா மோகனாம்பாள்' தொடரின் பக்கம், கோபுலுவின் சித்திரத்தோடு. கோபுலு தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாயனக்காரர் உட்காரும் தோரணை, தவில்காரரின் குடுமி, கல்யாண வீட்டுத் திண்ணை எல்லாவற்றையும் நேரில் பார்த்த கை அது. பத்திரிகைக் காகிதம் மஞ்சளாகி விரல் பட்டாலே உதிர்கிறது. லேமினேஷன் செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார்கள். சூட்டில் காகிதம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. படத்தைப் பதித்து வைக்கும், அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை திருச்சியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, வரவழைத்து, நாலு மூலையிலும் காகிதத்தால் பை மாதிரி செய்து பக்கத்தைச் செருகினார்கள். படத்தில் பசை ஒரு பொட்டுகூட இல்லை. இந்த வேலையைச் சென்னையில் செய்தால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியம் ஒன்றும் இருந்தது. தவழும் கிருஷ்ணர், பலாப்பலகை மேல் துணி ஒட்டிச் செய்தது. சுக்கான் என்ற சுண்ணாம்புப் பூச்சு ஒரு பக்கம் பெயர்ந்து தங்கரேக்கு தூக்கிக்கொண்டு நின்றது. அதை மட்டும் தொட மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் பெரியவர். தஞ்சாவூரில் இதே வேலை செய்கிற ஓவியரிடம் கொண்டுபோங்கள், அவர் சரிசெய்த பிறகு சட்டம் நான் போடுகிறேன் என்றார். தெரியாத வேலைக்குக் கை வைக்காதது இந்தக் கடையின் பெரிய குணம். தங்கரேக்கின் மேல் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியாது. புரட்டாசி, நவராத்திரிச் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம், ஐப்பசிக்குத் தள்ளிப்போகும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தில் படத்தை மூட மாட்டேன் என்று மேலும் தள்ளுவார்கள். இது நியாயமான காரணம்தான், ஆனால் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். சட்டங்களில் தேர்வு குறைவு. தேக்கு வேண்டும் என்றால் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும், மற்றதெல்லாம் பைபர். பில்லில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தருகிறார்கள், கண்ணாடிக்கு எவ்வளவு, அட்டைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால்தான் சொல்கிறார்கள். லட்சுமிக்கு எனக்கு 1,850 ரூபாய் ஆனது. சாதாரண வேலையை விட இது கூடுதல். பணம் பார்த்து யோசிப்பவர்கள் எல்லாப் படத்துக்கும் அந்த அமிலம் இல்லாத அட்டை வேண்டாம், பழைய காகிதத்துக்கு மட்டும் கேளுங்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுவரில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியங்களை வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டுபிடித்தார். ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயரையும் வீட்டோடு சேர்த்துக் கல்லில் வெட்டிவைத்த கோயில் அது. அந்தச் சுந்தரரையும் திரிபுராந்தகரையும் தீட்டிய கைகளின் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. அது ஆயிரம் வருடக் கதை, விடுங்கள். ரவி வர்மாவும் கொண்டையராஜுவும் தங்கள் பெயரை எழுதித்தான் கொடுத்தார்கள். அதை வெட்டுவது நம் வீட்டுக்குப் பக்கத்தில், நம் காசில், இந்த வருடம் நடக்கிறது.

ஆகவே எந்தக் கடையில் கொடுத்தாலும் சரி, படத்தைக் கொடுக்கும் முன் கீழ் ஓரத்தை போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். "வெட்டாதீர்கள், சட்டத்தைப் பெரிதாக்குங்கள்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். இந்தக் கடைக்குப் போவதாக இருந்தால் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் பெரியவர் சாப்பிட்டுப் படுத்துவிடுவார், மகன் மட்டும் இருப்பார். சந்துக்குள் வண்டி போகாது. பெரிய படம் என்றால் தூக்க ஓர் ஆள் கூட்டிப் போங்கள். மாட்டும்போது கீழ் மூலை இரண்டிலும் வைக்கத் தக்கைத் துண்டு கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போகும், மழைக்காலத்து ஓதம் ஏறாது. அதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை.