தீவுக்கு எது தோது: யாசுவா, சோனியா, ஐகாமா?

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் யாசு, சோனி, ஐகாம் மூன்றில் ஒரு பழைய சிற்றலை ரேடியோ வாங்க நினைப்பவர்கள் முதலில் மத்திய அலையைக் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் இலங்கையின் புத்தளம் நிலையம், 882 கிலோஹெர்ட்ஸ். நம் கரையில் தூத்துக்குடி வானொலி, 1053, 200 கிலோவாட். உப்புத் தண்ணீர் மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் வந்து சேரும். தென்னைக்குத் தென்னை நீளக் கம்பி கட்டிச் சாதாரண செட்டில் மாட்டினால், சிற்றலையின் கீழ்ப் பட்டைகளில் சம்பந்தமில்லாத இடத்திலெல்லாம் இந்த நிலையங்கள் முளைக்கும்.

அதனால்தான் என் கை 1976இல் வந்த யாசு எஃப்ஆர்ஜி-7 பக்கம் போகிறது. அதில் ப்ரீசெலக்டர் என்று தனிக் குமிழ் உண்டு. வேண்டாத பட்டையை வாசலிலேயே மறித்துவிடும். முதலில் மெகாஹெர்ட்ஸ் குமிழைத் திருப்ப வேண்டும், சிவப்பு விளக்கு அணையும் வரை. அப்புறம் ப்ரீசெலக்டரை மெல்ல அசைத்து மீட்டர் முள் ஏறும் இடத்தில் நிறுத்த வேண்டும். கடைசியாகத்தான் கிலோஹெர்ட்ஸ். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டிரெவர் வாட்லியின் சுற்று; பிடித்த அலைவரிசை அவ்வளவாக நகராது. குறையும் உண்டு: ஃபில்டர் ஒன்றுதான், அதுவும் அகலம். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் (உரிமம் பெற்றுத் தங்களுக்குள் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்கள்) கூடும்போது பக்கத்து ஆள் பேசுவதும் சேர்ந்தே கேட்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது பெரிய வசதி. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலெல்லாம் அடங்கியிருக்கும் கரன்ட் போன நேரம்தானே கேட்க நல்ல நேரம்!

1985இன் சோனி ஐசிஎஃப்-2001டி ஒலிபரப்பு கேட்பவர்களுக்கு. சாயங்காலம் ஏறி இறங்கும் சிக்னலை அதன் சிங்க் டிடெக்டர் தாங்கிப் பிடிப்பதுபோல் மற்ற இரண்டும் பிடிக்காது. ஆனால் வெளி ஆன்டெனா மாட்டினால், முதல் கட்டத்தில் இருக்கும் எஃப்இடி டிரான்சிஸ்டர் நிலைமின்சாரத்துக்குப் பலியாகும். இந்த மாடலுக்கே உள்ள பேர்பெற்ற நோய் அது. ஐப்பசி இடி மழையில் கம்பியைக் கழற்றாமல் தூங்குகிறவருக்கு இது ஆகாது. அதன் சொந்தக் கம்பியோடு ஜன்னலோரம் வைத்துக் கேட்டால் போதும்.

மூன்றுக்குமே எமன் உப்புக்காற்று. ஆன்டெனா முனையில் பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே சுவிட்சுகளும் அப்படித்தான் இருக்கும். கரகரப்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும்.

வால்வு செட் கூடத்து அழகுக்குச் சரி. சாதாரண வீட்டு வால்வு செட்டில் ஹாம் பேச்சைத் தெளிவாக்கும் சுற்று இருக்காது; வாத்துக் கத்தலாகத்தான் கேட்கும்.

தாளில் பார்த்தால் 1984இன் ஐகாம் ஆர்-71தான் மூன்றிலும் கெட்டிக்காரன். நெருக்கடியான பட்டையில் ஒரு குரலைத் தனியே பிரித்தெடுக்க பாஸ்பேண்ட் டியூனிங், நாட்ச் இரண்டும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அது இயங்கும் நிரலே லித்தியம் பேட்டரி தாங்கும் ராம் போர்டில் (நினைவகப் பலகையில்) இருக்கிறது. பேட்டரி செத்தால் ரேடியோவும் செத்தது. “பேட்டரி மாத்தியாச்சு” என்று விற்பவர் சொன்னால் விடாதீர்கள். பேட்டரியை மட்டும் மாற்றினார்களா, பேட்டரியே தேவைப்படாத மாற்று போர்டு போட்டார்களா என்று மூடியைத் திறந்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.