முந்திரிகைத் தோட்டமோ பனங்கூடலோ? எங்கட ஊருக்கு எது சரிவரும்

லீவுக்கு வாற வெளிநாட்டுச் சனம் கொஞ்ச நாளா ஒரே கதைதான், பிரான்சில இத்தாலியில வைன் தோட்டத்துக்குள்ள நிண்டு படம் எடுத்துப்போட்டு வந்து, யாழ்ப்பாணத்திலயும் முந்திரிகை, அதாவது திராட்சை, காய்க்குதுதானே, ஒரு வைனரி போட்டு டூரிஸ்டைக் கூப்பிட்டா ஊர் முன்னேறும்தானே எண்டு கேக்கினம். கேள்வி பிழையில்லை, ஆனா பக்கத்தில கள்ளையும் வச்சுப் பாத்துட்டுத்தான் முடிவெடுக்கோணும்.

முதல்ல வைன். போர்த்துக்கல்ல டூரோ பள்ளத்தாக்கை 1756இலயே எல்லை போட்டு வச்சிட்டினம், அதோட எங்களை ஒப்பிடுறது வீண்வேலை. இந்தியாவில நாசிக்கைப் பாக்கலாம். அங்க சூலா எண்ட வைன் கம்பனி 1999இல தொடங்கி 2005இல டேஸ்டிங் ரூம் திறந்தது, மும்பைச் சனம் சனி ஞாயிறெண்டா கார்ல வந்து இறங்குது, சுத்துவட்டார விவசாயியளிட்ட ஒப்பந்தம் போட்டுப் பழம் எடுக்கிறதால ஊருக்கும் காசு போகுது, அதை மறுக்கேலாது. ஆனா நாசிக் கடல்மட்டத்தில இருந்து 600 மீற்றர் அளவு உயரம், மாரியில இரவு குளிரும், அந்தக் குளிர்லதான் வைனுக்கு வேண்டிய புளிப்பு பழத்தில நிக்கும். எங்கட யாழ்ப்பாணத்து உரும்பிராயில எந்த இரவு அப்பிடிக் குளிருது? இங்க கூடுதலா நிக்கிறது இஸ்ரேல் புளூ, அது சாப்பிடுற பழம். பாலித் தீவில ஹாட்டன் எண்ட கம்பனி 1994 தொடக்கம் அந்த வெக்கைக்குள்ளயும் வைன் செய்யுதுதான், ஆனா பாலிக்கு வாற டூரிஸ்டில கொஞ்சமெண்டாலும் இங்க வருகுதோ?

தண்ணி இன்னொரு பிரச்சினை. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற கிணத்துத் தண்ணிதான், உரம் கொட்டிக் கொட்டி அதிலயும் நைத்திரேற்று. முந்திரிகைப் பந்தலுக்கு இறைக்கவும் வேணும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பங்கசு வந்தா மருந்தும் அடிக்கோணும். அதைச் செய்துகொண்டு சூழலுக்கு நல்லது எண்டு போர்ட் வைக்கிறது சரியான பகிடி.

இப்ப கள்ளுக்கு வாறன். பனைக்கு ஆரும் இறைக்கிறேல்லை, மருந்தடிக்கிறேல்லை. அதைவிடப் பெரிய விசயம், வைன் போத்தில்ல கப்பலேறி எங்கயும் போகும், குடிக்கிறவன் தோட்டத்துக்கு வரத் தேவையில்லை, கள்ளு அப்பிடியில்லை, முட்டிக்குள்ள விழேக்கயே புளிக்கத் தொடங்கிடும், காலமை இறக்கினது பின்னேரம் வேற கள்ளு. போத்தில்ல அடைச்சும் விக்கினம்தான், அதைக் குடிச்சவைக்குத் தெரியும் வித்தியாசம். அப்ப நல்ல கள்ளு வேணுமெண்டா ஆள்தான் ஊருக்கு வரோணும், டூரிசத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்? தமிழ்நாட்டில 1987இல இருந்து கள்ளுக்குத் தடை, பலாலிக்குச் சென்னையில இருந்து பிளேன் வருகுது, காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்தில இருந்து கப்பல் விட்டிருக்கு, அங்க சட்டப்படி குடிக்கேலாததை இங்க தவறணையில, அதாவது கள்ளுக்கடையில, இருந்து குடிக்கலாம். அதுவும் பிளாவில. குருத்தோலையை மடிச்சுக் கட்டின பிளாவை ரெண்டு கையாலயும் ஏந்தி ஒரு பக்கத்தால உறிஞ்சோணும், கீழ வைக்கேலாது, வச்சாச் சரிஞ்சிடும், அதனால கையில இருக்கிறதை முடிச்சாத்தான் அடுத்த வேலை. எந்த வைன் கிளாசுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

குறை இல்லாமலில்லை. பனையில மாசி பங்குனி தொடக்கம் ஆடி வரைக்கும்தான் கள்ளு நல்லா ஓடும், மிச்சத்துக்குத் தென்னங்கள்ளு. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினா அரைவாசிச் சனம் தொடாது, அது அவையின்ர விருப்பம். குடியால குடும்பம் அழிஞ்ச ஊருகளில இன்னொரு குடிக்கதை எடுத்துக்கொண்டு போனா பொம்பிளையள் பேசுவினம், பேசத்தான் வேணும்.

எனக்குப் பெரிசாப் படுறது மரமேறிக் கள்ளு இறக்கிற சீவல் தொழிலாளியின்ர நிலைமை. நாளுக்கு ரெண்டு தரம் ஏறி இறங்கிற வேலை, விழுந்தா வாழ்க்கை முடிஞ்சுது, இதுக்குள்ள சாதி சொல்லி ஒதுக்கினதும் எங்கட ஆக்கள்தான், பிறகு பெடியள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரப்போறாங்கள்? 1978இல பனை அபிவிருத்திச் சபை வந்தது, கைதடியில ஆராய்ச்சி நிலையமும் இருக்கு, எண்டாலும் மரத்தில ஏற ஆள் குறைஞ்சு போச்சு. டூரிஸ்ட் காசு தவறணை வாசலோட நிண்டா ஒரு பிரயோசனமும் இல்லை. ஏறுற ஆளுக்கு நாள் சம்பளமும் காப்புறுதியும் அந்தக் காசிலயே வரோணும், அவர் தொழிலை விளங்கப்படுத்தினா அதுக்கும் தனிக்காசு, படம் எடுக்கிறதெண்டா அவரைக் கேட்டுத்தான் எடுக்கோணும். வைனரியில முதல் போட்டவன் முதலாளி, அவன் கொழும்பில இருப்பான் இல்லாட்டி லண்டன்ல இருப்பான். சீவல் தொழிலாளர் சங்கத்தில மரமேறுற ஆக்களே உறுப்பினர், ஒழுங்கா நடத்தினாக் காசு ஊருக்குள்ளயே சுத்தும். அதுதான் நான் பனைப்பக்கம் நிக்கிறன்.

முந்திரிகையைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. தோட்டக்காரர் பந்தலுக்குக் கீழ கதிரை போட்டு பழமும் ஜூசும் குடுக்கட்டும், அதுக்கு வைன் லைசென்ஸ் தேவையில்லை, பிள்ளையளோட வாற குடும்பத்துக்கும் சரி. காலமை சுண்ணாம்பு போட்டு இறக்கின கருப்பநீர் (பதநீர்), பத்துப் பதினொரு மணிக்கு முந்திரிகைத் தோட்டம், மத்தியானம் பனங்கிழங்கு மாவில காய்ச்சின ஒடியல் கூழ், வெயில் தாழத் தவறணை. திரும்பிப் போக ஓட்டோவை முதலே பேசி நிப்பாட்டி வைக்கோணும், கள்ளடிச்சிட்டு ஒருத்தரையும் மோட்டச்சைக்கிள்ல ஏறவிடக்கூடாது.