80 பவுண்டு முன்பணம் போய்விட்டது: லீட்ஸ் பக்கம் பப்பில் மேசை பதிவு செய்கிறவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பப் ஒன்று, யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகர மையத்தில். நேற்று ஞாயிறு மதிய ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) சாப்பிட, அண்ணன் குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேருக்குப் பதிவு செய்திருந்தேன். தலைக்கு 10 பவுண்டு வீதம் 80 பவுண்டு முன்பணம். பில்லில் கழித்துக்கொள்வோம் என்று மின்னஞ்சலில் எழுதியே கொடுத்தார்கள்.

போய்ப் பார்த்தால் எங்கள் மேசையில் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பின்பக்கம் இடம் தருகிறேன், அதுவரை ஏதாவது குடியுங்கள்" என்றார் மேலாளர். கீத்லியில் காய்ச்சும் டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட் என்ற பீர் வாங்கினேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடிருந்து நொதிக்கும் ஏல் வகை பீர் அது. நிலவறையை 12 டிகிரி அளவில் வைத்து, குழாய்களை ஒழுங்காகக் கழுவிவராவிட்டால் கெட்டுவிடும். அங்கே கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. நுரை அதிகமாக நின்றதைப் பார்த்து, நான் கேட்கும் முன்பே அவரே மறுபடி நிரப்பித் தந்தார். ஒரு பைண்ட் ஏலில் இவ்வளவு நேர்மை காட்டுகிறவர் பணத்திலும் அப்படித்தான் இருப்பார் என்று தோன்றியது. "செல்பேசியிலேயே கட்டிவிடுங்கள், முன்பணம் தானாகக் கழிந்துவிடும்" என்றார். நம்பிக் கட்டினேன்.

சாப்பாடா அது? கோழி வெளியே சூடு, உள்ளே ஜில்லென்று இருந்தது. குழந்தையின் தட்டைத் திருப்பி அனுப்பினால் அதே தட்டு மைக்ரோவேவில் சுற்றி வருகிறது. யார்க்‌ஷயரில் உட்கார்ந்துகொண்டு தோல்போல இழுபடும் யார்க்‌ஷயர் புட்டிங் (ரோஸ்ட்டோடு வைக்கும், மாவில் சுட்ட பண்டம்) தருகிறார்கள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். முழு பில்லும் பிடித்தாகிவிட்டது, 80 பவுண்டு கழியவே இல்லை. மேலாளரைக் கேட்டால், "முன்பணம் மேசைப் பதிவை நடத்தும் நிறுவனத்திடம் இருக்கிறது, எனக்குத் தெரியாது." இன்று காலை அந்த நிறுவனத்தை அழைத்தால், "நீங்கள் வரவே இல்லை என்று பப் குறித்திருக்கிறது, வராதவர்களுக்குப் பணம் திரும்பாது." எங்கள் மேசையைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு எங்களை வராதவர்கள் ஆக்கியிருக்கிறார்கள்! எட்டுப் பேர் சாப்பிட்ட ரசீது என் கையில் இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு அதை அனுப்பினேன். "கிளை மேலாளரிடம் பேசுங்கள்" என்று பதில். 80 பவுண்டுக்காக இவனிடமிருந்து அவனிடம், அவனிடமிருந்து இவனிடம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மேசையை மாற்றினால், நீங்கள் வந்துவிட்டதாகப் பதிவில் குறிக்கச் சொல்லி, திரையில் பார்த்த பிறகே உட்காருங்கள். முன்பணம் கழிந்த பில்லைக் கண்ணால் காணாமல் செல்பேசியில் கட்டாதீர்கள். ரசீதை எறியாதீர்கள். டெபிட் கார்டில் கட்டியிருந்தாலும் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். 80 பவுண்டுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், ரசீதும் அந்த மின்னஞ்சலும் வங்கிக்குப் போய்விட்டன.