கிளைக்கு வயது ஏறக்கூடாது: கிட் ஃப்ளோவா, டிரங்க்கா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரிகளுக்குப் பில் போடும் இணைய மென்பொருள் செய்கிறோம். ஐந்து பேர், அதில் இருவர் மலைக்கு மேலே பூப்பாறையில் இருக்கிறார்கள். யார் எந்த வரியை மாற்றினார் என்று குறித்துவைத்து, எல்லோர் நிரலையும் ஒன்றுசேர்க்கும் கருவி கிட். அதில் ஒரு வேலைக்காகத் தனியாகப் பிரித்துக்கொள்வதுதான் கிளை. கிளையை எப்படிப் பிரிப்பது, எப்போது சேர்ப்பது என்பதற்கு ஒரு முறை கிட் ஃப்ளோ, இன்னொன்று டிரங்க். இரண்டு வருடம் கிட் ஃப்ளோவில் ஓட்டிவிட்டுப் போன வருடம் டிரங்க் முறைக்கு மாறினோம்.

கிட் ஃப்ளோ பலருக்கும் தெரிந்ததுதான். 2010இல் மென்பொருளாளர் வின்சென்ட் டிரைசன் எழுதியது. வெளியிட்ட நிரலுக்கு மாஸ்டர், அடுத்த வெளியீட்டு வேலைக்கு டெவலப் என்று இரண்டு கிளைகள் நிரந்தரம். புது வசதிக்கு ஃபீச்சர், வெளியீட்டுக்கு ரிலீஸ், அவசரத் திருத்தத்துக்கு ஹாட்ஃபிக்ஸ் என்று மற்ற கிளைகள் வந்து போகும். டிரங்க் முறையில் எல்லோருக்கும் ஒரே கிளை. தனியாகப் பிரித்தாலும் ஓரிரு நாளில் சேர்த்துவிட வேண்டும். ஒரே முக்கியக் கிளை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு கிளை என்று போகும் கிட்ஹப் ஃப்ளோ இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் கிளையை வாரக்கணக்கில் வளர்த்தால் அதிலும் இதே தொல்லைதான்.

என்ன தொல்லை என்று எங்கள் கதையையே சொல்கிறேன். ஏலக்காய்க்கு ஜிஎஸ்டி வரி 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரியும். போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குப் போனால் முழுதும் ஐஜிஎஸ்டி. எங்களில் ஒருவர் கேரள பில்லுக்காக இந்தக் கணக்கை நகலெடுத்துத் தனிக் கோப்பாக்கி, மூன்று வாரம் தன் கிளையிலேயே வைத்திருந்தார். அதே நாட்களில் இன்னொருவர் பைசாவை ரூபாயாக்கும் இடத்தில் இருந்த பிழையை டெவலப்பில் திருத்தினார். சேர்த்த அன்று 11 இடங்களில் மோதல், அதாவது ஒரே வரியை இரண்டு பக்கமும் வேறுவேறாக மாற்றியிருந்தோம். அவற்றைச் சரிசெய்ய ஒன்றரை நாள் போனது. அதுகூடப் பரவாயில்லை, மோதல் கண்ணுக்குத் தெரிகிறது. பைசா திருத்தம் பழைய கோப்போடு நின்றுவிட்டது; நகலுக்கு வரவில்லை. கிட் வரிகளைத்தான் ஒப்பிடும், கணக்கின் பொருள் அதற்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, ஒரு ரூபாய் இடிக்கிறதே" என்று குமுளியிலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டுத்தான் விஷயமே தெரிந்தது.

இப்போது அன்றன்று சேர்க்கிறோம். இன்னும் முடிக்காத வேலையும் உள்ளே போகிறது, நிரலிலேயே வைத்த ஒரு சுவிட்சை அணைத்து, பயனருக்குத் தெரியாதபடி. சரக்கு அனுப்பத் தேவைப்படும் இ-வே பில்லுக்கான திரை அப்படித்தான் ஒரு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இதெல்லாம் இனாமாக வரவில்லை: தினமும் சேர்ப்பதில் எதுவும் உடையவில்லையா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் எழுதவே இரண்டு மாதம் ஆனது. வேலை முடிந்தும் நீக்காத சுவிட்சுகள் இன்னும் நாலைந்து கிடக்கின்றன, எங்கள் சோம்பல்.

ஒரு கடையில் பதிப்பு 2.1, இன்னொரு கடையில் 3.0 என்று கணினியில் நிறுவிக்கொடுக்கிறவர்கள் கிட் ஃப்ளோவை விடவேண்டாம். அடிக்கடி வெளியிடும் இணையச் செயலிக்கு எளிய முறையே போதும் என்று டிரைசனே 2020இல் எழுதிவிட்டார். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவில் நான் இருந்ததில்லை. அங்கே டிரங்க் எப்படி நடக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

போன ஜூலை மழையில் பூப்பாறையில் இரண்டு நாள் நெட் இல்லை. வந்ததும் அவர்கள் வேலையைச் சேர்க்க அரை மணி நேரம் ஆனது. மோதல் ஒரே ஒரு இடத்தில்.